வரேன் என்று சொல்லாத அளவுக்காரர்

எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். போன வருடம் எழுதியவர்கள் எல்லாரும் அவரவர் பெருமையைத்தான் எழுதினார்கள். என்னைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் மலர் தாங்காது. ஒன்பது வயதில் மரக்கடையில் கோணல் ஆணிகளைத் தட்டி நிமிர்த்துகிற வேலைக்குச் சேர்ந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். இன்றைக்கு மூன்று ரம்பம் ஓடுகிற பெட்டிப் பட்டறைக்கு முதலாளி. யார் காலிலும் விழாமல் வந்தவன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் என்னைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெறுங்காலோடு நின்றால் ஆறடி. பட்டறை வாசலை எனக்காகவே தூக்கிக் கட்டினேன்.

கைநாட்டு ஆசாமிக்கு யாரோ எழுதிக்கொடுத்தது என்று இதைப் படிக்கும்போது நினைப்பீர்கள். இல்லை. ஒவ்வோர் எழுத்தும் என் விரல் தட்டியது. எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லவே பயமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

நான் எழுதப்போவது என்னிடம் முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு மனிதரைப் பற்றி. அளவுக்காரர் என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும்.

என் பட்டறையில் பழப்பெட்டி, இயந்திர சாமான் கட்டுகிற பெட்டி எல்லாம் அடிப்போம். பின்கொட்டகையில் சவப்பெட்டியும் அடிப்போம். அதையும் யாராவது செய்துதானே ஆக வேண்டும்? சாவு விழுந்த வீட்டுக்குப் போய் அளவெடுத்து வருவது அவர் வேலை. எண் படிக்கத் தெரியாததால் டேப்பு வைத்துக்கொள்ள மாட்டார். பருத்திக் கயிறுதான். தோள் அகலத்துக்கு ஒரு முடிச்சு, உடம்பு நீளத்துக்கு ஒரு முடிச்சு. கயிற்றைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து மேஸ்திரியிடம் கொடுப்பார். பெட்டி முடிந்ததும் அந்தக் கயிற்றை உள்ளேயே கால்மாட்டில் வைத்துவிட வேண்டும். "அளவு அவங்களோடது, நாம வச்சுக்கக் கூடாது" என்பார்.

அவர் தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்குவார்கள். கண் அப்படி, தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை இறங்கி ஏறும். ஒரு தடவை முடிவெட்டுகிற கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணே, என்னை அப்படிப் பாக்காதீங்க, சோறு இறங்க மாட்டேங்குது" என்றார். இவர் நிதானமாக, "பயப்படாதீங்க, உங்களுக்கு இன்னும் பலகை வரல" என்று பதில் சொன்னார். அந்தக் கடைக்காரர் ஒரு வாரம் யாருக்கும் நேராக முடிவெட்டவில்லை.

இப்படிப் பேசுகிற மனிதர், வேலை முடிந்து கிளம்பும்போது மட்டும் வாய் திறக்க மாட்டார். நாம் எல்லாரும் எங்கிருந்து கிளம்பினாலும் "வரேன்" என்றுதானே சொல்லுவோம்? சண்டை போட்டுவிட்டுப் போகிறவன்கூட "வரேன்டா" என்றுதான் போவான். போறேன் என்று சொன்னால் வீட்டில் வாயிலேயே ஒன்று போடுவார்கள். சாவு வீட்டில் மட்டும் 'வரேன்' என்ற அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. அது எல்லாருக்கும் தெரியும், அவருக்கு அதுவே தொழில். பழக்கம் எங்கே நாக்கில் ஒட்டிக்கொள்ளுமோ என்று வேறு எங்கேயுமே சொல்ல மாட்டார். பட்டறையிலிருந்து தலையாட்டிவிட்டுப் போவார், வீட்டிலும் அப்படித்தான். அவர் சம்சாரம் தையல்காரி. "கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வரேன் சொன்னா முத்து உதிர்ந்துடுமா அண்ணே?" என்று என்னிடம் வந்து முறையிடும்.

நான் சிரிப்பேன். "செத்தவங்களுக்குக் காது கேக்குமாய்யா?"

"கேக்குமான்னு தெரியாது முதலாளி. கேட்டா மறக்க மாட்டாங்க, அது தெரியும். அங்கெல்லாம் சொல்லாமக் கொள்ளாமப் போறதுதான் மரியாதை."

எனக்கு அறுபத்தொரு வயது நடந்த குளிர்காலத்தில் புயல் அடித்தது. மூன்று நாள் மழை விடவில்லை. கூரைத் தகரங்கள் தெருவில் காகிதம் மாதிரி பறந்தன. இரண்டாம் நாள் மத்தியானம் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். பக்கத்துக் கட்டடத்துத் தட்டச்சு டீச்சர் போய்விட்டார், வந்து அளவெடுங்கள் என்றார்.

அளவுக்காரருக்கு அன்று நெருப்பாய்க் காய்ச்சல். நான் பார்க்காத பிணமா என்று கயிற்றை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். மேஸ்திரி தலையைச் சொறிந்தான். அவன் சொறிந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

அந்த டீச்சர் நாலடி பத்தங்குலம். கரும்பலகையில் எழுத முக்காலி மேல் ஏறி நிற்பார். கீழே ஒரு கூடத்தில் பன்னிரண்டு தட்டச்சு மெஷின், மேலே ஒற்றை அறையில் குடியிருப்பு. கல்யாணம் காட்சி இல்லை. இந்த ஊரில் பாதிப் பேருக்கு விரல் பழக்கிவிட்டவர் அவர்தான். முதல் பாடம் எல்லாருக்கும் ஒன்றே. இடது கையின் நாலு விரலால் ய, ள, ன, க. நாலு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி நாலு தட்டு. நாளைக்கு வரேன் டீச்சர் என்று சொல்லிவிட்டு எவனாவது வராமல் இருந்தால், குடையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போய் ஜன்னலில் நாலு தட்டுத் தட்டுவார். "வரேன்னா வரணும்." அவ்வளவுதான் பேச்சு.

எனக்கும் அவருக்கும் ஒரு பழைய பாக்கி உண்டு. பத்தொன்பது வயதில் அங்கே ஒரு மெஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ரசீதில் நான் கட்டைவிரல் வைத்ததைப் பார்த்தார். "படிச்சதெல்லாம் மறந்து போச்சா? நாளைக்குச் சாயங்காலம் வா, நான் எழுத்துச் சொல்லித் தரேன்" என்றார். "வரேன் டீச்சர்" என்றேன். போகவில்லை. சின்னப் பசங்களோடு பெஞ்சில் உட்கார வெட்கம். மறுநாள் மரக்கடைக்கே குடையோடு வந்தார். பலகை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னேன். அதற்கப்புறம் நாற்பத்திரண்டு வருடம் அந்தத் தெருவில் எதிர்ப்பக்கமாகவே நடந்தேன்.

மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்துவிட்டுக் கீழேயே நின்றுகொண்டார். நான் மேலே ஏறினேன். மணி நாலுதான், ஆனால் அறை இருட்டிக்கிடந்தது. இரும்புக் கட்டில், ஜன்னல் கம்பியில் மாட்டிய குடை, சுவரோரம் வருகைப் பதிவேடுகள் இடுப்பு உயரத்துக்கு. டீச்சர் போர்வைக்கு வெளியே முகம் தெரியப் படுத்திருந்தார். யாரையோ எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற முகம்.

கயிற்றைப் பிடித்தேன். தோளுக்கு ஒரு முடிச்சு. நீளத்துக்கு ஒரு முடிச்சு. எழுந்து நின்று என்னோடு வைத்துப் பார்த்தேன். முடிச்சு என் தோளுக்குக்கூட எட்டவில்லை. கயிற்றைச் சுருட்டும்போது மேசைமேல் ஒரு பதிவேடு விரித்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு அப்போது படிக்கத் தெரிந்தது ஒரே ஒரு சொல். என் பட்டறைப் பலகையில் எழுதியிருக்கிற என் பெயர். அந்தச் சொல் அந்தப் பக்கத்தில் இருந்தது. அதற்கு நேரே வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். பக்கத்தைப் புரட்டினேன். அதிலும் என் பெயர், அதிலும் கோடுகள். கீழே இருந்த பதிவேட்டை எடுத்தேன். அதிலும். நாற்பத்திரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் அந்த அம்மா எனக்கு 'வரவில்லை' போட்டிருந்தார்.

விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தேன். படியில் கால் வைக்கும்போது, அறுபது வருடப் பழக்கம், நாக்குத் தானாகப் புரண்டது.

"அப்ப நான் வரேன் டீச்சர்."

சொன்ன மாத்திரத்தில் காற்று நின்றது. இரண்டு நாளாக அடித்த காற்று, விசிறியை நிறுத்தினது போல. கீழே, பூட்டிய கூடத்துக்குள், ஒரு மெஷினின் மணி மட்டும் டிங் என்று அடித்தது.

பட்டறைக்கு வந்து கயிற்றை மேஸ்திரியிடம் வீசினேன். அவன் பலகைமேல் நீட்டினான். நெற்றியைச் சுருக்கினான். "முதலாளி, டீச்சருக்குன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாம், அதுக்கென்ன?"

"அந்தம்மா அவ்வளவு உயரமா? ஆறடி இருக்கே. நம்ம ஊர்ல இந்த நீளத்துக்கு ஒரே ஒரு ஆளுதான்…" என்று என்னை நிமிர்ந்து பார்த்தவன், சொன்னதை விழுங்கிக்கொண்டு குனிந்தான்.

கயிற்றின் நுனியைக் காலால் மிதித்து மேலே இழுத்தேன். அதே கயிறு. நான் போட்ட அதே முடிச்சு. அது என் உச்சந்தலையில் வந்து நின்றது.

தப்பாக அளந்துவிட்டேன், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிக் கொட்டகையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன்.

வீட்டில் மின்சாரம் போய்விட்டது. என் சம்சாரம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்ததும் ஜன்னலில் நாலு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி நாலு தட்டு.

"யாரோ தட்டறாங்க பாருங்க" என்றாள்.

"மரக்கிளை உரசுது."

"நம்ம ஜன்னல்கிட்ட மரம் ஏதுங்க?"

தட்டுவது நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் மறுபடி கேட்டது. இந்தத் தடவை வீட்டுக்குள்ளே. மேசைமேல். திரும்பிப் பார்த்தேன். என் சம்சாரத்தின் வலது கை பூண்டு உரித்துக்கொண்டே இருந்தது. இடது கையின் நாலு விரல்கள், சுண்டுவிரலில் தொடங்கி ஒன்று ஒன்றாக, மேசையைத் தட்டிக்கொண்டிருந்தன. உதடு மெல்ல அசைந்தது. "ய… ள… ன… க." தட்டச்சுப் பள்ளி வாசலை அவள் மிதித்ததே கிடையாது.

பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன். ஐஸ் கட்டி. அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "என்னங்க? கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல கையப் பிடிக்க இப்பத்தான் தோணுச்சா?"

நான் விட்டதும் விரல்கள் மறுபடி தட்ட ஆரம்பித்தன. அவளுக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் எங்கோ சுவருக்குள் டிங். எனக்கு உயரம் ஆறடி, கை உலக்கை மாதிரி. அந்தக் கையால் நாலு சின்ன விரலை அழுத்தி நிறுத்த முடியவில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது. மனுஷன் தட்டுகிற தட்டு. அளவுக்காரர் போர்வைக்கு மேல் ரப்பர் கோட்டு போட்டுக்கொண்டு, பல் கிட்டிக்க நின்றிருந்தார். மேஸ்திரி போய்ச் சொல்லியிருக்கிறான்.

"முதலாளி, கயிறு எங்க?" வாங்கிப் பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. "வாயைத் திறந்தீங்களா?"

"ஒரு வார்த்தை. பழக்கத்துல வந்துடுச்சுய்யா."

"எந்த வார்த்தை?"

"வரேன்னு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "சரி. சொன்னா போகணும். போய் வந்துட்டேன்னு நிக்கணும். அவங்க வச்சிருக்கிற கணக்கு அது ஒண்ணுதான். இல்லன்னா…" என்று மேசையைப் பார்த்தார். என் சம்சாரம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் கழுத்து நீண்டுகொண்டே போவது மாதிரி நிழல் ஆடியது.

நான் எழுந்தேன். வாசல்வரை போனேன். உருண்டு வந்த மரக்கட்டையை மார்பால் தடுத்து நிறுத்தியவன் நான். இரண்டு மூட்டையை ஒரே தோளில் ஏற்றியவன். ஒரு விரல் உயரமுள்ள வாசற்படியை அன்றைக்குத் தாண்ட முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அளவுக்காரர் கயிற்றைப் பிரித்தார். கயிற்றின் நுனியைத் தன் காலால் மிதித்தார். தன் உச்சந்தலைக்கு நேரே புது முடிச்சுப் போட்டார். அவர் ஐந்தடி பத்து. மிச்சமிருந்ததைப் பல்லால் கடித்து அறுத்து அடுப்பில் போட்டார். "இப்ப இது என் அளவு. அங்க ஒரு ஆள் வந்தாச் சரிதானே."

படி இறங்கினவர் நின்று திரும்பினார். என் சம்சாரத்தைப் பார்த்து, "போயிட்டு வரேன்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய விரல்கள் ஓய்ந்தன. இரண்டு மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"முடிஞ்சுதாய்யா?"

"முடிஞ்சுது. பெட்டியை நாலடி பத்துக்கே அடிக்கச் சொல்லுங்க."

முடிஞ்சுது என்றால் என்ன முடிஞ்சுது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் டீச்சரை அடக்கம் செய்தோம். பிறகு தூர தேசத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்து கட்டடத்தைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அளவுக்காரருக்குப் பட்டறையில் நாற்காலி போட்டேன், எனக்குச் சமமாக டீ வாங்கிவைத்தேன். அதோடு என் கடமை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த வருடங்களில் அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. பெட்டிமேல் எண் எழுத ஆரம்பித்தார். பிறகு செய்தித்தாளை எடுத்து எல்லாருக்கும் படித்துக்காட்ட ஆரம்பித்தார். "யாருய்யா சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டேன். "சாயங்கால வகுப்பு, முதலாளி" என்றார். அவருடைய வழக்கமான கிண்டல் என்று எல்லாரும் சிரித்தோம்.

இன்னொரு மாற்றமும் இருந்தது. அவர் குள்ளமாகிக்கொண்டு வந்தார். வயதானால் முதுகு வளையும், தெரியும். இவருக்கு முதுகு நேராகவே இருந்தது. ஒரு நாள் எல்லார் முன்னாலும், "என்னய்யா, நீங்க சோப்பா? மழைக்கு மழை கரையறீங்களே" என்றேன். கொட்டகையே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் ஆணி அடிக்கிறது.

எனக்கு அறுபத்தெட்டு நடந்தபோது, குளிர்காலத்தின் முதல் புயல் நாளில், அவர் சம்சாரம் நனைந்துகொண்டே என் பட்டறைக்கு வந்தது. கையில் ஒரு துணி மூட்டை. என் மேசைமேல் பிரித்தது. எட்டுக் கால்சட்டைகள். ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துவைத்தது. ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைவிடச் சின்னது, படிக்கட்டு மாதிரி.

"எல்லாம் அவரோடது அண்ணே. வருஷத்துக்கு ஒண்ணு. முதல் புயல் அன்னைக்கு எங்க வீட்டு ஜன்னல்ல நாலு தட்டு கேக்கும். எந்திரிச்சுப் போவார். திரும்பி வந்தா ரெண்டு விரல் குறைஞ்சிருப்பார். நான் உக்காந்து காலை மடிச்சுத் தைப்பேன். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் தலைல அடிச்சுச் சத்தியம் வாங்கியிருந்தார்."

நான் அந்தக் கடைசிக் கால்சட்டையைக் கையில் எடுத்தேன். "இப்ப எவ்வளவு உயரம்மா?"

"ஐந்தடிக்கு ஒரு விரல் கம்மி. இன்னும் ரெண்டு விரல் போச்சுன்னா அந்த டீச்சர் உயரம். அதுக்குக் கீழ எனக்குத் தைக்கத் தெரியாதுண்ணே." அது முந்தானையால் முகத்தைத் துடைத்தது. "சாயங்காலம் தட்டிடுச்சு. செருப்பைத் தேடிட்டு இருக்கார். நான் அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு ஓடி வந்தேன்."

போய்ப் பார்த்தால், மனுஷன் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுச் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். ஒரு காலத்தில் என் நெற்றிக்கு நேரே இருந்த தலை இப்போது என் தோளுக்குச் சரியாக நின்றது.

"முதலாளி, மழைல நீங்க எதுக்கு?"

"யோவ், ஏழு வருஷம். ஏன்யா சொல்லல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கு அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன்னு சொன்னேன்" என்றார். "சரி உக்காருன்னாங்க. வந்துட்டேன்னா ஒரு நாளைக்கா? வகுப்புன்னா முடியறவரைக்கும் வகுப்பு. வருஷத்துக்கு ஒரு பாடம், பாடத்துக்கு ரெண்டு விரல். இன்னைக்குப் போனா நானும் அவங்களும் ஒரே அளவு." பிறகு தன் பழைய சிரிப்பைச் சிரித்தார். "அந்தப் பெட்டி அளவுதான் உங்களுக்குத் தெரியுமே."

ஜன்னலில் நாலு தட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழையைத் தவிர ஒன்றுமில்லை. தட்டின இடத்தில் மட்டும் நாலு சின்னப் பனிப்புள்ளி படிந்திருந்தது.

"கயிறைக் குடுங்க" என்றேன்.

"முதலாளி…"

"அது என் கயிறுய்யா. குடுங்க."

தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவரோடு சேர்ந்து கயிறும் குறைந்திருந்தது, முடிச்சு என் தோளோடு நின்றுவிட்டது. அவர் வீட்டிலேயே ஒரு துண்டுக் கயிறு வாங்கி, அதோடு ஒட்டிப்போட்டு, என் உச்சந்தலைக்கு முடிச்சுப் போட்டேன். என் கால் வாசற்படியில் நின்றது. இந்தத் தடவையும் அது நகரவில்லை. ஆனால் பின்னால் அந்த எட்டுக் கால்சட்டைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. கையால் தொடையைத் தூக்கி வெளியே வைத்தேன். நிஜமாகவே தூக்கித்தான் வைத்தேன்.

தட்டச்சுப் பள்ளியின் பூட்டுத் திறந்து தொங்கியது. உள்ளே பன்னிரண்டு மெஷின்களும் உறை போட்டு, தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருந்தன. ஒன்றுக்கு மட்டும் உறை இல்லை. அதன் முன்னால் சின்னப் பெஞ்சு. பக்கத்தில் பதிவேடு. என் பெயர்.

வழியெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். மூன்று தடவை முயற்சி செய்து, கடைசியில் சொன்னேன்.

"வந்துட்டேன் டீச்சர்."

முக்காலி ஒன்று தரையில் உரசி என் பின்னால் வந்து நின்றது. யாரோ அதன்மேல் ஏறினார்கள். என் பிடரியில் மூச்சுக் காற்று பட்டிருந்தால்கூடக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். மூச்சே இல்லை. நாலு குளிர்ந்த விரல்கள் என் இடது கைமேல் வந்து படிந்தன. என் சுண்டுவிரலை எடுத்து ஒரு எழுத்தின்மேல் வைத்தன. அடுத்த விரல். அடுத்த விரல். ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல், நாற்பத்தொன்பது வருடம் காத்திருந்த பொறுமையோடு. அப்புறம் அழுத்தின.

எவ்வளவு நேரம் தட்டினேன் என்று தெரியாது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் என் குதிகாலிலிருந்து ஏதோ உருவப்படுவது தெரிந்தது, துணியிலிருந்து நூல் இழுக்கிற மாதிரி. வலி இல்லை. வலித்திருந்தால் தேவலாம். மணி அடித்தது. விரல்கள் விலகின. கண்ணைத் திறந்தபோது பதிவேட்டில் என் பெயருக்கு நேரே, கோடுகளின் கடைசியில், ஈரம் காயாத ஒரு 'வந்தார்' குறி இருந்தது.

கதவுவரை வந்தேன். நாக்கு மறுபடி புரண்டது. கடித்தேன். ரத்தம் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்தேன்.

அதற்கப்புறம் அளவுக்காரர் வீட்டு ஜன்னலில் எந்தத் தட்டும் கேட்கவில்லை. தட்டு என் ஜன்னலுக்கு மாறியது. அவர் இன்னும் இரண்டு வருடம் இருந்தார். எனக்கு எழுபது நடந்தபோது, ஒரு கோடைக்கால மத்தியானம், என் பட்டறை நாற்காலியில், கையில் செய்தித்தாளோடு, படித்த வரியை முடிக்காமல் போய்ச் சேர்ந்தார். அவருக்கு நானே அளவெடுத்தேன். ஐந்தடிக்கு ஒரு விரல் கம்மி. ஒரு நூல்கூட அதற்குக் குறையவில்லை. புதுக் கயிறுதான் கொண்டுபோனேன். பெட்டி முடிந்ததும் கால்மாட்டில் வைத்தேன்.

அளவெடுத்துவிட்டுக் கிளம்பியபோது அவர் சம்சாரம் வாசல்வரை வந்தது. "அண்ணே, போயிட்டு…" என்று ஆரம்பித்து, பதறிப்போய்த் தன் வாயைப் பொத்திக்கொண்டது. நானும் என் வாயைப் பொத்திக்கொண்டேன். இரண்டு பேரும் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். பார்த்தவர்கள் அழுகையை அடக்குகிறோம் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் பொய்யில்லை.

இதுவரை நாலு பாடம் முடித்திருக்கிறேன். இப்போது ஐந்தரை அடி. வயசானா எல்லாரும் சுருங்குவாங்க என்று சங்கத்தில் நீங்கள் என் முதுகில் தட்டிச் சொல்கிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். எழுபத்திரண்டு வயதில் இத்தனை பக்கம் பிழையில்லாமல் தட்டுகிறவன் உங்களில் எத்தனை பேர்? இன்னும் ஐந்து பாடம் தாங்குவேன் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அளவுக்காரர் ஐந்தடி பத்துதான். என்னிடம் கொடுக்க அவரைவிட அதிகம் இருந்தது. அந்த மனிதருக்கு நான் செய்ய முடிந்தது, என் உயரத்துக்கு நான் கண்ட பிரயோஜனம், இது ஒன்றுதான்.

போன வருடம் போகாமல் இருந்து பார்த்தேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் என் சம்சாரத்தின் விரல்கள் மேசையைத் தேடின. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

காலையிலிருந்து காற்று மாறியிருக்கிறது. இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலில் ஒரு தடவை கேட்டுவிட்டது. மறுபடி கேட்கிறது. கை நடுங்கினாலும் எழுத்துத் தப்பவில்லை, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். என் சம்சாரம் குடையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். எங்கே என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"வரேன்னு சொல்லிட்டுப் போங்க."

"போயிட்டு வரேன்."

அவள் என்னைக் கதவு நிலையோடு சாய்த்து நிறுத்தி, எக்கி, என் தலைக்கு நேரே பென்சிலால் கோடு போட்டாள். "ரெண்டு விரல். அதுக்குக் கீழ இறங்கி வந்தீங்க, உள்ள விடமாட்டேன்" என்றாள்.